இந்திய ஸ்பிட்ஸ்: தமிழ்நாடு ‘பொமேரியன்’ என்றழைத்த நாய்

இந்திய ஸ்பிட்ஸ் என்பது இந்திய வீடுகளுக்குள் உருப்பெற்ற ஒரு சிறிய துணைநாய் இனம். பெரும்பாலும் வெள்ளை முடி, கூரிய முகம், நிமிர்ந்த முக்கோணக் காதுகள், முதுகின்மேல் சுருண்டு கிடக்கும் வால் ஆகியவை இதன் அடையாளங்கள். 1980களிலும் 1990களிலும் தமிழ்நாட்டின் நகரங்களிலும் சிற்றூர்களிலும் நடுத்தரக் குடும்பங்கள் இதை மிகுதியாக வளர்த்தன. ‘நாய்கள் ஜாக்கிரதை’ என்ற பலகை தொங்கிய இரும்புக் கதவுக்குப் பின்னால் முழங்கால் உயரம்கூட இல்லாத ஒரு வெள்ளை நாய் நின்று குரைத்த காட்சி அக்காலத் தெருக்களில் வளர்ந்தவர்களுக்கு நினைவிருக்கும். ஆனால் அந்த வீடுகளில் இதை ‘இந்திய ஸ்பிட்ஸ்’ என்று எவரும் சொன்னதில்லை. பொமேரியன், பாமரேனியன், சடை நாய், புசுபுசு நாய் என்றே அழைத்தார்கள்.

இன்று அதே தெருக்களில் பக், ஷிட்சு, லாப்ரடார் நாய்களைத்தான் காண முடிகிறது. தூய இந்திய ஸ்பிட்ஸைத் தேடி வாங்குவது கடினமாகிவிட்டது. ஒரு தலைமுறைக்கு முன் எங்கும் இருந்த ஓரினம், அது நாட்டு இனமா அயல் இனமா என்று யாரும் முடிவு செய்வதற்கு முன்பே குறைந்து வருகிறது. அந்த நிலைக்கு அதன் பெயரும் ஒரு காரணம்.

பெயரில் உள்ள கடற்கரை

ஜெர்மன் மொழியில் ‘ஸ்பிட்ஸ்’ என்றால் கூர்மை. கூரிய மூக்கும் காதும் உடைய நாய்களுக்கு அதுவே பெயராயிற்று. ‘பொமரேனியன்’ என்பது ஊர்ப்பெயரால் வந்தது. பால்டிக் கடலின் தென்கரையில் இன்று போலந்துக்கும் ஜெர்மனிக்கும் இடையே பிரிந்து கிடக்கும் நிலப்பகுதி பொமரேனியா. கடலை ஒட்டிய நாடு என்பது அந்த ஸ்லாவியச் சொல்லின் பொருள். நம் மரபில் சொன்னால் நெய்தல் நிலம்.

அங்கிருந்த ஸ்பிட்ஸ் நாய்கள் மடியில் வைத்துக் கொஞ்சுவதற்காக உருவானவை அல்ல. பண்ணை வீட்டையும் சரக்கு வண்டியையும் காவல் காப்பதே அவற்றின் வேலை. வண்டிக்காரர் சத்திரத்துக்குள் போனால் நாய் வண்டியின்மேல் அமர்ந்திருக்கும். அந்நியர் நெருங்கினால் குரைக்கும். அவ்வேலைக்கு முயலைக் கண்டால் காட்டுக்குள் ஓடிவிடும் நாய் உதவாது. எனவே வேட்டை நாட்டம் குறைந்த, இடத்தைவிட்டு நகராத, சிறு ஓசைக்கும் குரல் கொடுக்கும் நாய்களையே தேர்ந்து பெருக்கினர். இன்றைய இந்திய ஸ்பிட்ஸின் குணங்களில் பாதிக்கு விளக்கம் இங்கே இருக்கிறது.

மூன்றாம் ஜார்ஜ் மன்னரை மணந்த சார்லட் அரசி வட ஜெர்மனியின் மெக்லன்பர்க் நாட்டவர். அவர் 1767இல் இந்த நாய்களை இங்கிலாந்துக்கு வரவழைத்தார். தாமஸ் கெயின்ஸ்பரோ வரைந்த ஓவியங்களில் அக்காலப் பொமரேனியன்களைக் காணலாம். நீண்ட முகமும் உயர்ந்த கால்களும் கொண்ட அந்த நாய்களின் எடை 14 முதல் 23 கிலோ வரை இருந்தது. இன்று பொமரேனியன் என்ற பெயரில் விற்கப்படும் 2, 3 கிலோ எடையுள்ள உருண்டை நாய்க்கும் அவற்றுக்கும் தோற்றத்தில் பெரிய தொடர்பில்லை.

இடையில் நடந்தது ஓர் அரண்மனை நாகரிகம். 1888இல் விக்டோரியா அரசி இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் மார்கோ என்ற சிறிய பொமரேனியனைப் பெற்றார். அதன் எடை ஏறத்தாழ ஐந்தரை கிலோ. அரசிக்குச் சிறியது பிடித்தது என்றதும் இங்கிலாந்தில் எல்லோருக்கும் சிறியதே வேண்டியிருந்தது. சில பத்தாண்டுகளுக்குள் இனமே சுருங்கிவிட்டது. 1901இல் அரசி இறக்கும் தறுவாயில் தன் பொமரேனியன் டூரியைப் படுக்கையருகே கொண்டுவரச் சொன்னதாகக் குறிப்பு உண்டு.

இந்தியாவிலிருந்த ஆங்கிலேயர்கள் இந்நாய்களை இங்கே கொண்டு வந்து, வெயிலைத் தாங்கும் குட்டிகளைத் தேர்ந்து பெருக்கினர். அவர்கள் போனபின் நாய்கள் இங்கேயே இருந்துவிட்டன. லண்டனின் சிறு நாய் மோகம் இந்திய வீடுகளை எட்டவில்லை. கெயின்ஸ்பரோவின் ஓவியத்தை இன்று பார்க்கும் தமிழர் ஒருவருக்கு நினைவுக்கு வருவது கடையில் விற்கும் ‘டாய் பாம்’ அல்ல. எதிர்வீட்டு மாமி வளர்த்த சடை நாய்தான். ஒருவகையில் தமிழர்கள் ‘பொமேரியன்’ என்றது பழைய பொருளில் முழுத்தவறும் அல்ல. சொல்லின் பொருள் இங்கிலாந்தில் மாறிப்போனது, இங்கே மாறவில்லை.

பழவேற்காட்டுக் கரையும் இரு டச்சு நாய்களும்

நாய்களின் பெருக்கமும் அருகலும் மனிதர்களின் விருப்பத்தைச் சார்ந்தவை என்பதற்கு இன்னொரு சான்று உண்டு. அதன் ஒரு முனை நம் கடற்கரையைத் தொடுகிறது.

சென்னைக்கு வடக்கே எண்ணூரைக் கடந்தால் காட்டுப்பள்ளி. இன்று கப்பல் கட்டும் தளமும் துறைமுகமும் அமைந்துள்ள இந்தக் கரையின் வழியே மேலும் வடக்கே சென்றால் மீனவக் குப்பங்களைக் கடந்து பழவேற்காட்டை அடையலாம். அங்கே டச்சுக்காரர்கள் 1613இல் கெல்டிரியா கோட்டையை அமைத்தனர். 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாற்றும்வரை சோழமண்டலக் கரையில் அவர்களுடைய தலைமையிடம் அதுவே. டச்சுக் கல்லறைத் தோட்டம் இன்றும் அவ்வூரில் இருக்கிறது.

அந்த டச்சுக்காரர்களின் தாய்நாட்டில் 1780களில் இரு கட்சிகள் மோதின. ஆரஞ்சு அரச குடும்பத்தை ஆதரித்தவர்களின் நாய் பக். ஆரஞ்சு வில்லியமை 1572இல் இரவுத் தாக்குதலின்போது எழுப்பிக் காப்பாற்றியது அவருடைய பக் நாய் என்பது அக்குடும்பத்தின் கதை. எதிர்த்தரப்பான ‘தேசபக்தர்’ கட்சியின் நாய் கேஸ்ஹோண்ட். அதுவும் ஸ்பிட்ஸ் வகையே. சாம்பல் நிறமுள்ளது, கால்வாய்ப் படகுகளில் காவல் இருந்தது. 1787இல் பிரஷ்யப் படை வந்து தேசபக்தர்களை ஒடுக்கியது. தோற்ற கட்சியின் அடையாளத்தை வீட்டில் வைத்திருக்க அஞ்சிப் பலர் நாயைக் கைவிட்டனர். கேஸ்ஹோண்ட் அரிய இனமாயிற்று. படகோட்டிகளும் உழவர்களும் அரசியலைப் பொருட்படுத்தாமல் வைத்திருந்ததால்தான் இருபதாம் நூற்றாண்டில் அதை மீட்க முடிந்தது.

அந்த ஆண்டுகளில் பழவேற்காடும் கைமாறிக்கொண்டே இருந்தது. 1781இல் ஆங்கிலேயர் பிடித்தனர்; பின் திருப்பிக் கொடுத்தனர்; 1795இல் மறுபடி பிடித்தனர்; 1825இல் அது முழுமையாக அவர்களுடையதாயிற்று. ஸ்பிட்ஸ் நாய் தமிழ்நாட்டு வீடுகளுக்கு வந்தது இந்த ஆங்கிலேயர் வழியாக. பக் பெருமளவில் வந்தது இரு நூற்றாண்டுகள் கழித்து, ஒரு தொலைக்காட்சி விளம்பரத்தின் வழியாக. அதைப் பின்னர் காண்போம்.

உருவமும் குணமும்

வளர்ப்போர் இந்திய ஸ்பிட்ஸைச் சிறியது, பெரியது என இருவகையாகப் பிரிப்பர். சிறியது 5 முதல் 7 கிலோ வரை இருக்கும். தோள் உயரம் 20 முதல் 25 சென்டிமீட்டர். பெரியது 12 முதல் 20 கிலோ வரையும் 35 முதல் 45 சென்டிமீட்டர் வரையும் வளரும். வெள்ளையே மிகுதி, பழுப்பும் கறுப்பும் உண்டு. இன்றைய பொமரேனியனோடு ஒப்பிட்டால் முகம் நீளம், காது பெரிது, கால் உயரம், முடி சற்றுக் குறைவு. நன்றாகக் கவனித்தால் 12 முதல் 14 ஆண்டுகள் வரை வாழும். ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கும்வரை உடன் இருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

குணத்தில் முதலாவது குரைப்பு. தபால்காரர், பால்காரர், கீரைக்காரம்மா என்று யார் வந்தாலும் குரைக்கும். மதில்மேல் பூனை நடந்தாலும் குரைக்கும். இதைக் குறும்பு என்றும் அச்சம் என்றும் சொல்பவர்கள் உண்டு. உண்மையில் வண்டியின்மேல் அமர்ந்திருந்த மூதாதையின் வேலையை அது தொடர்ந்து செய்கிறது. அறிவிப்பதே அதன் கடமை. பாய்ந்து தாக்குவது அன்று. வீட்டார் வந்து பார்த்து, வந்தவரை உள்ளே அழைத்துவிட்டால் பெரும்பாலான நாய்கள் அடங்கிவிடும். குட்டிப் பருவத்திலேயே ‘போதும்’ என்ற சொல்லுக்கு நிறுத்தப் பழக்கினால் பின்னர் தொல்லை இராது. அடித்துப் பழக்குவது எதிர் விளைவையே தரும். அஞ்சிய ஸ்பிட்ஸ் இன்னும் அதிகமாகக் குரைக்கும். சில வேளைகளில் கடிக்கவும் செய்யும்.

இரண்டாவது, ஒருவரைப் பற்றிக்கொள்ளுதல். வீட்டில் ஐந்து பேர் இருந்தாலும் அது ஒருவரையே தன்னவர் எனத் தேர்ந்துகொள்ளும். அது பெரும்பாலும் சோறு வைப்பவராகவும் பகலில் வீட்டில் இருப்பவராகவும் இருக்கும். தன்னவரின் வண்டி ஓசை தெருமுனையில் கேட்டதும் கதவருகே போய் நிற்கும். அவர் வெளியூர் சென்றால் உண்ணாமல் கிடக்கும் நாய்களும் உண்டு. வேறொரு நாயையோ கைக்குழந்தையையோ அவர் தூக்கினால் பொறாமைப்படும். நாள் முழுதும் பூட்டிய வீட்டில் தனியே விடத் தகுந்த நாய் அல்ல இது. முதியோர் உள்ள வீட்டுக்கு மிகவும் ஏற்றது.

சிறு குழந்தைகளிடம் எச்சரிக்கை தேவை. வாலையோ முடியையோ பிடித்து இழுத்தால் பொறுத்துக்கொள்ளும் இயல்பு இதற்குக் குறைவு. குழந்தையைக் கடித்தது என்று நாயைத் தெருவில் விடுவதற்கு முன், குழந்தைக்கு நாயைத் தொடும் முறை சொல்லித் தரப்பட்டதா என்று பார்ப்பது நியாயம்.

தமிழ்நாட்டின் பெயர்பெற்ற இனங்களான சிப்பிப்பாறையும் கன்னியும் முயலை ஓடிப் பிடிப்பதற்காக வளர்க்கப்பட்டவை. அவற்றுக்கு ஓடுவதற்கு வெளி வேண்டும். கோம்பையும் ராஜபாளையமும் காவலுக்கும் வேட்டைக்கும் உரிய வலிய நாய்கள். இரண்டு அறைகளும் ஒரு நடையும் மட்டும் கொண்ட ஒண்டுக்குடித்தன வீட்டில் வாழத்தக்க சிறிய நாய் இவற்றில் இல்லை. அந்த இடத்தைத்தான் ஸ்பிட்ஸ் நிரப்பியது.

தயிர்சோறும் கடற்காற்றும்

இந்நாய் பரவியதற்கு முதன்மையான காரணம் அதன் அழகு என்பர். வீட்டில் இருந்ததைத் தின்று வாழ்ந்தது என்பதே உண்மைக் காரணமாக இருக்கலாம். பொட்டல நாயுணவு பரவாத காலத்தில் அதன் தட்டில் விழுந்தது தயிர்சோறு, இட்லி, பால், பிஸ்கட். நாய்க்குச் சோறு ஒத்துக்கொள்வது தற்செயலன்று. ஓநாயைவிட வீட்டு நாயின் உடலில் மாவுச்சத்தைச் செரிப்பதற்கான மரபணுப் படிகள் மிகுதி என்பதை 2013இல் ‘நேச்சர்’ இதழில் வெளியான ஆய்வு காட்டியது. ஆயினும் தயிர்சோறு மட்டும் போதாது. முட்டை, வேகவைத்த கோழி அல்லது மீன் வழியாகப் புரதம் சேர வேண்டும். பாலும் பிஸ்கட்டும் மட்டுமே தின்ற பல ஸ்பிட்ஸ்கள் பருத்துப்போய், பல் கெட்டு, மூட்டு வலியோடு முதுமையைக் கழித்தன. வெங்காயம், திராட்சை, சாக்லேட் ஆகியவை நாய்க்கு நஞ்சு.

காட்டுப்பள்ளி, பழவேற்காடு போன்ற கடலோர ஊர்களில் வளர்ப்போர் சிலவற்றைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மீன் மலிவு என்பதால் முள்ளோடு போடுவது வழக்கம். சிறு நாயின் தொண்டையில் முள் தைக்கும். கருவாட்டில் உப்பு அதிகம். அதைப் போடவே கூடாது. ஈரக்காற்றில் அடர்ந்த உள்முடி காயாமல் இருந்தால் பூஞ்சை படரும். எனவே குளிப்பாட்டியபின் அடிமுடிவரை துவட்டி உலர்த்த வேண்டும். உண்ணி மிகுதியாக உள்ள இடங்களில் காய்ச்சல் வந்து சோர்ந்த நாயை உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும். உண்ணிக் காய்ச்சல் உயிரைக் குடிக்கக்கூடியது.

கோடையில் முடியை மழித்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நல்லெண்ணத்தில் செய்யும் தவறு அது. ஸ்பிட்ஸின் இரட்டை முடி குளிரை மட்டுமல்லாமல் வெயிலையும் தடுக்கிறது. மழித்தால் அதன் வெளிறிய தோல் வெந்துபோகும். முடி சில வேளைகளில் சீராகத் திரும்ப வளராது. தினமும் சீவி உதிர்முடியை நீக்கினாலே போதும். சிறிய நாய்தானே என்று வெறிநோய்த் தடுப்பூசியைத் தவிர்ப்பதும் கூடாது. மூன்று மாதக் குட்டியிலேயே தொடங்கி ஆண்டுதோறும் போட வேண்டும்.

புகழும் சரிவும்

அயல்நாட்டுப் பொருள்களே எளிதில் கிடைக்காத காலத்தில் அயல்நாட்டு நாய் கிடைப்பதும் அரிது. எனவே ‘சீமை நாய்’ வேண்டும் என்ற ஆசையை ஸ்பிட்ஸ் தீர்த்து வைத்தது. 1994இல் வெளியான ‘ஹம் ஆப்கே ஹைன் கோன்’ இந்திப் படத்தில் டஃபி என்ற வெள்ளை ஸ்பிட்ஸ் கதையின் திருப்பத்தையே உண்டாக்கியது. உரியவரிடம் போய்ச் சேர வேண்டிய கடிதத்தை அது வேறொருவரிடம் சேர்த்து, கதாநாயகியின் திருமணத்தை மாற்றிவிடும். அந்த ஆண்டுகளே இந்த இனத்தின் உச்சம்.

பொருளாதாரக் கதவு திறந்தபின் லாப்ரடாரும் பிறவும் வந்தன. 2003இல் ஹட்ச் கைபேசி நிறுவன விளம்பரத்தில் ஒரு சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் பின்தொடர்ந்தது. சில நொடிகள் ஓடிய அந்த விளம்பரம் நாடெங்கும் பக் நாய்க்குத் தேவையை உண்டாக்கியது. தட்டை மூக்கால் மூச்சுவிடத் திணறும் அந்த நாய் சென்னையின் மே மாதத்துக்கு எவ்வகையிலும் பொருந்தாதது. பொருந்திய நாய் ஏற்கெனவே வீட்டில் இருந்தது. ஆனால் அது பழைய மோஸ்தர் ஆகிவிட்டது. தனி வீடுகள் அடுக்ககங்களாக மாறியதும் இன்னொரு அடி. மதிலுக்குள் காவலாக மதிக்கப்பட்ட குரைப்பு, நான்காம் மாடியில் பக்கத்து வீட்டாரின் புகாராயிற்று. எஞ்சிய ஸ்பிட்ஸ்களையும் இறக்குமதிப் பொமரேனியனோடு கலந்து, குட்டையான குட்டிகளை அதிக விலைக்கு விற்றார்கள்.

எந்தப் பட்டியலில் சேர்ப்பது?

2005இல் இந்திய அஞ்சல் துறை நான்கு இந்திய நாய்களுக்குத் தபால்தலை வெளியிட்டது: ராஜபாளையம், முதோள், ராம்பூர், இமயமலை மேய்ப்பு நாய். ஹரியானாவின் கர்னாலில் உள்ள தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் முதலில் பதிவு செய்த நாயினங்கள் ராஜபாளையம், சிப்பிப்பாறை, முதோள் ஆகிய மூன்று. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது கூறிய பெயர்களிலும் ஸ்பிட்ஸ் இல்லை. 2024இல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, தட்பவெப்பத்துக்கு ஒவ்வாத 11 அயல் இனங்களைப் பெருக்கத் தடை சொன்னது. ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை, கன்னி ஆகியவற்றைப் போற்றச் சொன்னது. எதிர்ப்புக்குப்பின் அக்கொள்கை திரும்பப் பெறப்பட்டது. தடைப்பட்டியலில் பக்கும் இருந்தது, கேஸ்ஹோண்டும் இருந்தது என்பது வரலாறு படித்தவர்களுக்கு ஒரு சிறு புன்னகையை வரவழைக்கும். டச்சுக்காரர்களின் இரு கட்சி நாய்களும் அங்கே ஒருசேர நின்றன. போற்ற வேண்டியதிலும் இந்திய ஸ்பிட்ஸ் இல்லை. தடுக்க வேண்டியதிலும் இல்லை.

ஜெர்மன் மூதாதை இருப்பதால் இது இந்திய இனம் ஆகாது என்பது ஒரு வாதம். அதே வெள்ளை ஜெர்மன் ஸ்பிட்ஸ் வேறு நாடுகளுக்கும் சென்றது. அமெரிக்காவில் முதல் உலகப்போரின்போது ஜெர்மன் பெயர் கசந்ததால் 1917இல் அதற்கு ‘அமெரிக்கன் எஸ்கிமோ நாய்’ என்று பெயர் வைத்தார்கள்; எஸ்கிமோக்களுக்கும் அதற்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஜப்பானியர் 1920களிலும் 30களிலும் வெள்ளை ஸ்பிட்ஸ்களை வரவழைத்துப் பெருக்கினர். போருக்குப்பின் அதற்கு இலக்கணம் எழுதினர். ‘ஜப்பானிய ஸ்பிட்ஸ்’ 1964இல் பன்னாட்டு நாயினக் கூட்டமைப்பின் ஏற்பைப் பெற்றது. இந்தியாவுக்கு வந்த நாய் ஜப்பானுக்குச் சென்றதைவிடப் பிந்தி வந்ததன்று. குறைந்த தலைமுறைகள் வாழ்ந்ததும் அன்று. மாடுகளில் இந்தத் தயக்கம் இல்லை. ஹோல்ஸ்டீன் ஃப்ரீசியனையும் சாஹிவாலையும் கலந்து உருவான ஃப்ரீஸ்வால் மாட்டைக் கர்னால் பணியகமே இந்திய இனமாகப் பதிவு செய்திருக்கிறது.

தடை வேறிடத்தில் இருக்கிறது. ஓரினத்தைப் பதிய வேண்டுமானால் எந்தத் தாய்க்கும் எந்தத் தந்தைக்கும் பிறந்தது என்ற பதிவேடு வேண்டும். இல்லையேல் ஒரே பண்புகள் தலைமுறைதோறும் மாறாமல் வருவதைக் கணக்கெடுத்துக் காட்ட வேண்டும். ஸ்பிட்ஸ் பண்ணையில் பெருகிய இனம் அன்று. மாம்பலத்து ஜிம்மிக்கும் அடுத்த தெரு ரோசிக்கும் பிறந்த குட்டிகளில் ஒன்று அலுவலக நண்பர் வீட்டுக்குப் போகும். ஒன்று ஊரிலுள்ள அத்தை வீட்டுக்கு, ஒரு கூடையில் துணி போர்த்திப் பேருந்தில் போகும். பணம்கூடக் கைமாறாத இந்த உறவு வலைதான் இனத்தைக் காத்தது. அதற்குக் காகிதம் இல்லை.

எழுதப்படாத அந்த வம்சாவளியின் ஒரு பகுதி இன்னும் குடும்பப் படங்களில் இருக்கிறது. பிறந்தநாள் படத்திலும் பொங்கல் நாள் படத்திலும் திண்ணையின் ஓரத்தில் ஒரு வெள்ளை நாய் அமர்ந்திருக்கும். அப்படத்தின் பின்புறம் ஆண்டு, ஊர், நாயின் பெயர், அது யார் வீட்டிலிருந்து வந்தது என்பனவற்றை வீட்டிலுள்ள மூத்தவர்களிடம் கேட்டு எழுதி வைப்பது மாணவர்களால் இன்றே செய்யக்கூடிய வேலை.